கோல்ஃபில் ஸ்கொட்டி ஷெஃப்லர் அடிக்கும் அயன் செட்டை 17 ஹேன்டிகேப் ஆள் வாங்கலாமா?

கச்சான்_காற்று:

திருகோணமலை சீனக்குடாவில் சனி ஞாயிறு காலையில் கோல்ஃப் விளையாடும் ஆட்களில் நானும் ஒருவன். ஹேன்டிகேப் 17, அதாவது ஒரு சுற்றில் நிர்ணயித்ததை விட ஏறக்குறைய 17 தடவை கூடுதலாக அடிக்கும் ஆள். இப்போது கையில் இருப்பது சித்தப்பா விட்டுப்போன பழைய அயன் செட் (இரும்புத் தலைக் கிளப்கள்; நம்பர் கூடக் கூடத் தூரம் குறையும்). குரோமியப் பூச்சு உரிந்து, 6, 7, 8 மூன்றிலும் துரு ஏறிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார். "என்ன வேணும் எண்டு சொல்லு, கொண்டுவாறன்" என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

பெரிய ஆட்கள் என்ன அடிக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். டைகர் வுட்ஸுக்காக வடிவமைத்து 2019இல் வெளிவந்த டெய்லர்மேட் பி7டிடபிள்யூ செட்டைத்தான் ஷெஃப்லரும் வைத்திருக்கிறார். படத்தைப் பார்த்தாலே ஆசை வருகிறது. மெல்லிய மேல்விளிம்பு, பின்பக்கம் எந்த அலங்காரமும் இல்லாத வெறும் இரும்பு. பிளேட் என்பார்கள்.

மூன்று கேள்வி. இதை வாங்கினால் சிரிப்பீர்களா? தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லோருமே பிளேட்தான் அடிக்கிறார்களா? திருமலை உப்புக்காற்றுக்கு எது தாங்கும்?

பதினெட்டாம்_குழி:

வாங்குங்கள். ஒரு நல்ல பிளேட்டின் நடுவில் பந்து பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது, பந்து மட்டும் போய்விடும். பின்பக்கம் குடைந்த கேவிட்டி பேக் அயன் வைத்திருப்பவர்களுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

பை_சுமந்தவன்:

தம்பி, நான் கொழும்பு பொரளைப் பக்கத்தில் பல வருடம் பை சுமந்தவன், இப்போது உப்புவெளியில் ஓய்வு. அடுத்தவர் பையைத் திறந்து பார்ப்பதுதான் எனக்குத் தொழில். அந்தப் பழக்கத்தில் ஷெஃப்லரின் பையையும் திறந்து காட்டுகிறேன்.

நீங்கள் சொல்லும் பி7டிடபிள்யூ அவரிடம் 5ஆம் நம்பரிலிருந்து பிட்சிங் வெட்ஜ் (கிட்டத்து அடிக்கான கிளப்) வரைக்கும்தான். 3, 4 இரண்டும் ஸ்ரிக்ஸன் இசட்யூ85. அது உள்ளே வெற்றிடம் உள்ள, அடிப்பாகம் தடித்த யூட்டிலிட்டி அயன். உலகத்தில் முதலாம் இடத்தில் நிற்கிற ஆளே நீளமான அயனில் பிளேட்டை நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். வெட்ஜ் எல்லாம் வோக்கி. பந்து டைட்டிலிஸ்ட். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர், ஸ்பைடர் டுவர் எக்ஸ். அந்த ஸ்பைடரை 2024 மார்ச்சில் பே ஹில் போட்டியில் எடுத்தார், அந்த வாரமே வென்றார், அடுத்த வாரம் பிளேயர்ஸும் வென்றார், ஏப்ரலில் மாஸ்டர்ஸும் வந்தது. அதற்கு முன்னைய மாதங்களில் அயன் அடியில் அவரை மிஞ்ச ஆளில்லை, குழியைச் சுற்றிய பச்சையில் போய்த்தான் விட்டுக்கொண்டிருந்தார். அதாவது, அந்த வருடத்தை மாற்றியது அயன் இல்லை.

ஆகவே "ஷெஃப்லர் செட்" என்று கடையில் ஒன்று கிடையாது. 14 கிளப் வரைக்கும் வைக்கலாம் என்பது விதி. அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் 1939இலும் அது வந்தது. அதற்கு முன் இருபதைத் தாண்டிச் சுமக்க வைத்தவர்களும் இருந்தார்கள். பை சுமப்பவர்களின் சாபம் பலித்துத்தான் அந்த விதி வந்திருக்கும் என்று நாங்கள் கதைத்துக்கொள்வோம். அந்த 14க்குள் ஒவ்வொரு பெரிய ஆட்டக்காரரும் தனக்கு வேண்டியதை நாலைந்து கம்பனியிலிருந்து பொறுக்கித்தான் வைத்திருப்பார்.

கச்சான்_காற்று:

ஐயா, இது தெரியாது. அப்படியானால் முழுக்க பிளேட் அடிப்பவர்கள் குறைவா?

பை_சுமந்தவன்:

குறைந்துகொண்டு வருகிறது. இருக்கிறவர்களைச் சொல்கிறேன். ரோரி மெக்கில்ரோய் 2025 மாஸ்டர்ஸில் ரோர்ஸ் புரோட்டோ என்ற தன் பெயரிலேயே செய்த பிளேட் வைத்திருந்தார். ஆனால் அவரும் 4ஆம் நம்பருக்கு பி760 என்ற வேறு மாடலைப் போட்டிருந்தார். ஹிடெகி மட்சுயாமா 2021இல் மாஸ்டர்ஸ் வென்றது ஸ்ரிக்ஸன் பிளேட்டால். டைகரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். ஸாண்டர் ஷாஃபெலே 2024இல் பிஜிஏ சாம்பியன்ஷிப், தி ஓப்பன் இரண்டையும் கேலவே ஏபெக்ஸ் டிசிபி வைத்து வென்றார். அது கேவிட்டி பேக். புரூக்ஸ் கெப்கா கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 2016இல் நைக்கி கோல்ஃப் கிளப் செய்வதை விட்டது. அவர்களோடு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் எதையும் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. கெப்கா எடுத்தது மிசுனோ ஜேபிஎக்ஸ் 900 டுவர். 2017, 2018 யூஎஸ் ஓப்பன் இரண்டும் அதில்தான். அதுவும் கேவிட்டி பேக். கம்பனி காசு தந்து கொடுத்த கிளப்பை விட, காசில்லாமல் தானே தேர்ந்து எடுத்த கிளப்தான் ஒரு ஆட்டக்காரரின் மனதைச் சொல்லும். பை பார்க்கும்போது நான் அதைத்தான் முதலில் தேடுவேன். அவர் நைக்கியின் பழைய 3ஆம் நம்பர் அயனை மட்டும் பல வருடம் விடாமல் வைத்திருந்தார். கம்பனியே இல்லை, கிளப் மட்டும் பையில்.

உவர்மலை_இஞ்சினியர்:

இதில் ஒரு இயந்திரப் பொறியியல் ஆளாக நானும் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன்.

அயன் தலை செய்ய இரண்டு வழி. ஒன்று, மென்மையான காபன் உருக்கைக் காய்ச்சி, அச்சில் வைத்து அடித்து எடுப்பது. மிசுனோ, மியூரா போன்ற ஜப்பான்காரர்கள் இதில் பெயர் போனவர்கள். மற்றது வார்ப்பு: உருக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அச்சில் ஊற்றுவது. வார்ப்பில் வேண்டிய இடத்தில் வேண்டிய எடையை வைக்கலாம்.

பிங் கம்பனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இஞ்சினியர். அவர் செய்தது சின்ன யோசனை, பெரிய விளைவு: நடுவில் கிடக்கும் எடையை எடுத்து ஓரத்துக்குத் தள்ளினார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு சடத்துவத் திருப்பம் ஞாபகம் இருக்கும். எடை ஓரத்தில் இருந்தால் தலையைத் திருப்புவது கடினம். பந்து மூக்குப் பக்கம் பட்டாலும் முகம் அவ்வளவு திரும்பாது, தூரம் அவ்வளவு குறையாது. பிளேட்டில் எடை நடுவுக்குப் பின்னால் குவிந்திருக்கும். நடுவில் அடித்தால் அருமை. அரை அங்குலம் விலகினால் பந்து மணல் பங்கரில்.

"அடித்துச் செய்தது மெத்தென்று இருக்கும்" என்பதில் பாதி காதில் கேட்கும் சத்தம் என்பது என் அபிப்பிராயம். காதைப் பொத்திக்கொண்டு அடித்துப் பாருங்கள், பிறகு கதைப்போம்.

வார்ப்பு என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் விக்டர் ஹோவ்லண்டைக் காட்டுங்கள். 2023இல் டுவர் சாம்பியன்ஷிப் வென்று ஃபெடெக்ஸ் கப்புக்கான 180 லட்சம் டொலரை எடுத்தபோது பையில் இருந்தது பிங் ஐ210. 2018இல் வந்த, வார்த்த ஸ்டெயின்லெஸ் அயன். அதற்குப் பிறகு அந்தக் கம்பனியே புது மாடல் விட்டும் அவர் மாறவில்லை.

பதினெட்டாம்_குழி:

காதைப் பொத்திக்கொண்டு கோல்ஃப் அடிக்கச் சொல்லும் முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை. 😀

பென் ஹோகனின் 1ஆம் நம்பர் அயனைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழை போகக் கூடாது. 1950 யூஎஸ் ஓப்பன், மெரியன் திடல், நாலாம் சுற்றின் கடைசிக் குழி. பயங்கர வாகன விபத்திலிருந்து எழுந்து வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அந்த 1ஆம் நம்பரால் அடித்த அடிதான் மறுநாள் சமநிலையை உடைக்கும் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனது. பிறகு அந்தக் கிளப் களவு போய், 1980களில்தான் திரும்பக் கிடைத்தது. உண்மையில் ஹோகனுடையதுதான் என்று நம்ப வைத்த ஒரு விஷயம், முகத்தில் ஒரே இடத்தில் ஒரு காசு அளவுக்குத் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் அப்படியே.

அந்த மாதிரி அடிக்க வேண்டும் என்ற ஆசைக்கு பிளேட்தான் வாத்தியார். கேவிட்டி பேக் பொய் சொல்லும். பிளேட் நடுவில் படவில்லை என்று கைக்குச் சொல்லும்.

உவர்மலை_இஞ்சினியர்:

வாத்தியார் என்றால் சரி. ஆனால் ஒவ்வொரு சனியும் பரீட்சை எழுதப் போகிறவர் தம்பிதான், நீங்கள் இல்லை.

நிலாவெளி_அக்கா:

எல்லோரும் தலையைப் பற்றியே கதைக்கிறீர்கள். பிடிக்கும் தலைக்கும் நடுவில் உள்ள ஷாஃப்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

டைகரும் ஷெஃப்லரும் போடுவது டைனமிக் கோல்ட் டுவர் இஷ்யூ எக்ஸ்100. ஒன்று ஏறக்குறைய 130 கிராம், விறைப்போ விறைப்பு. அவர்களின் வேகத்துக்கு அது பொருந்தும். டிராக்மன் என்ற ராடார் கருவி முன்பு அளந்த சராசரியைப் பாருங்கள்: பிஜிஏ டுவர் ஆண்கள் 7ஆம் நம்பர் அயனைச் சுற்றும் வேகம் மணிக்கு 90 மைல், பந்து காற்றிலேயே 172 யார் போகும். எல்பிஜிஏ பெண்களுக்கு 76 மைல், 141 யார். தம்பி, நீங்கள் 7ஆம் நம்பரால் எவ்வளவு அடிக்கிறீர்கள்? 140 என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது ஷெஃப்லரின் பையை அல்ல, எல்பிஜிஏ பைகளை. இதை ஆண்களிடம் சொன்னால் முகம் சுருங்கும். நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

அங்கே போய்ப் பார்த்தால் 3, 4, 5ஆம் நம்பர் அயன்களுக்குப் பதிலாக அயனும் வூட்டும் கலந்த ஹைபிரிட்டும், பெரிய தலையுள்ள 7 வூட்டும் இருக்கும். எங்கள் திடலில் ஆண்களின் பைகளில் 3ஆம் நம்பர் அயன் பளபளவென்று புதுசாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடிப்பதே இல்லை, பிறகு எப்படிக் கீறல் விழும்?

ஹைபிரிட் கிழவர்களுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர்: யாங் யோங்-யுன். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப், ஹேசல்டைன், கடைசிக் குழி. கொடிக்கு 206 யார். 3 ஹைபிரிட்டை எடுத்து கொடிக்குப் பக்கத்தில் விழுத்தி, டைகரை வென்றார். கடைசி நாள் முன்னிலையில் இறங்கிய டைகர் ஒரு மேஜரில் (நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) தோற்றது அதுதான் முதல் தடவை. ஆசியாவில் பிறந்த ஆண் ஒருவர் மேஜர் வென்றதும் அதுதான் முதல் தடவை.

கச்சான்_காற்று:

அக்கா, 7ஆம் நம்பரால் 150 போகும். காற்று பின்னாலிருந்து அடித்தால்.

நிலாவெளி_அக்கா:

கச்சான் காற்று பின்னாலிருந்து அடித்தால் 150 என்றால் 135 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூதூர்_மச்சான்:

என்னுடைய 7ஆம் நம்பர் 165 போகிறது. புது செட். பழைய செட்டில் 145தான். ஒரே மாதத்தில் 20 யார் கூடிவிட்டது. ஆகவே புது தொழில்நுட்பம் வேலை செய்கிறது என்பதற்கு நானே சாட்சி.

உவர்மலை_இஞ்சினியர்:

மச்சான், கிளப்பைத் திருப்பி அடியில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல், கம்பனி தரும் லாஃப்ட் (முகத்தின் சாய்வு; குறைந்தால் தூரம் கூடும்) அட்டவணையைப் பாருங்கள். பி7டிடபிள்யூவில் 7ஆம் நம்பர் 35 பாகை. டைட்டிலிஸ்ட் டி100இல் 34. டெய்லர்மேட் பி790இல் 30.5. ஸ்டெல்த் என்ற சாதாரண ஆட்களுக்கான மாடலில் 28. அடுத்தடுத்த நம்பர்களுக்கு இடையில் வழமையாக 3 முதல் 4 பாகைதான் வித்தியாசம். ஆகவே ஸ்டெல்த்தின் 7ஆம் நம்பர் என்பது டைகரின் 5ஆம் நம்பர். உங்களுக்குக் கூடிய 20 யாரில் பெரும்பகுதி, நம்பரை மாற்றி அடித்ததால் வந்தது.

இதில் ஏமாற்று மட்டும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எடையைக் கீழேயும் பின்னாலேயும் தள்ளியதால் பந்து தானாக உயரம் ஏறிவிடுகிறது. அதைச் சமன்படுத்த லாஃப்டைக் குறைத்தார்கள். ஆனால் வால் பக்கத்தில் சிக்கல் வரும். ஸ்டெல்த்தின் பிட்சிங் வெட்ஜ் 43 பாகை. உங்களிடம் 56 பாகை சாண்ட் வெட்ஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 13 பாகை ஓட்டை. 100 யாரிலிருந்து என்ன அடிப்பீர்கள்?

மூதூர்_மச்சான்:

அதுதான் 100 யாரில் எப்போதும் திண்டாடுகிறேன். நான் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பை_சுமந்தவன்:

கையிலும் கொஞ்சம் இருக்கலாம் மச்சான். 48 அல்லது 50இல் ஒரு வெட்ஜ் தேடுங்கள், அதுவே மலிவான வைத்தியம்.

தொழில்முறை ஆட்கள் தங்கள் லாஃப்டைத் தாங்களே வளைத்து, நம்பருக்கு நம்பர் இடைவெளி சரியா என்று பார்த்து வைப்பார்கள். எங்களவர்களில் மிதுன் பெரேரா, இந்தியச் சுற்றில் பட்டங்கள் வென்ற என். தங்கராஜா போன்றவர்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் கற்க வேண்டியது என்ன கம்பனி என்பதை அல்ல. எந்தக் கிளப்பால் எத்தனை யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்கள்.

கன்னியா_காரன்:

கேள்வியை மாற்றுகிறேன், மன்னிக்கவும். பிரைசன் டிஷாம்போவின் ஒரே நீள அயன் எப்படி? எல்லா அயனும் ஒரே நீளம் என்றால் ஒரே ஸ்விங் போதுமே. எங்களைப் போல வாரத்துக்கு ஒரு நாள் விளையாடுபவர்களுக்கு அதுதானே நல்லது?

உவர்மலை_இஞ்சினியர்:

அழகான யோசனை, எனக்கும் பிடிக்கும். அவருடைய எல்லா அயனும் 7ஆம் நம்பர் நீளத்தை ஒட்டியது. 2024 யூஎஸ் ஓப்பனில் ரோரியை ஒரே ஒரு அடி (ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில் வென்றபோது வைத்திருந்தது அவோடா என்ற சின்னக் கம்பனிக்காரர்கள் முப்பரிமாண அச்சில் எடுத்த அயன்கள். அவற்றின் முகம் டிரைவர் முகம் போல லேசாக வளைந்திருக்கும். மாஸ்டர்ஸ் வாரத்தில்தான் அனுமதியே கிடைத்தது.

சாதாரண ஆட்களுக்குச் சிக்கல் இரண்டு முனையிலும். நீளம் குறைந்த 4, 5ஆம் நம்பர்களுக்கு வேகம் போதாது, பந்து எழும்பாது. நீளம் கூடிய வெட்ஜ் நினைத்ததை விடத் தூரம் போகும். பிரைசனுக்கு வேகம் பிரச்சினை இல்லை. நமக்கு அதுதான் பிரச்சினை. அவரைத் தவிர டுவரில் வேறு யாரும் அந்த வழியில் போய்ப் பெரிதாக வென்றதில்லை என்பதையும் யோசியுங்கள்.

ஸ்கார்பரோ_திருமலையான்:

தம்பியின் மாமாவுக்குப் பக்கத்து ஊர்க்காரனாக இருப்பேன் போல. டொக்கியார்ட் வீதியில் வளர்ந்தவன், இப்போது இங்கே. வாங்கும் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பி7டிடபிள்யூ வெளிவந்தபோது முழு செட் 2000 அமெரிக்க டொலர் அளவில். அந்தக் காசை அங்கே ரூபாவாக்கிப் பாருங்கள், தலை சுற்றும். இங்கே பாவித்த கிளப் சந்தை பெரியது. இரண்டு, மூன்று தலைமுறை பழைய மாடல் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். அயனில் வருடா வருடம் பெரிய மாற்றம் எதுவும் வருவதில்லை. பெயின்ட் மாறும், பெயர் மாறும். ஹோவ்லண்ட் கதையை மேலே ஒருவர் சொன்னார், அது போதும்.

இணையத்தில் மலிவாகப் போடும் "புது" செட்டுக்கு மட்டும் மாமாவைப் போக விடாதீர்கள். நான் ஒரு தடவை அப்படி வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். படத்தில் அசல், பெட்டியில் போலி. எடுத்த சில வாரத்தில் 6ஆம் நம்பர் தலை கழன்று பந்தோடு சேர்ந்து பறந்தது. பந்தை விடத் தலை நேராகப் போனது. பிறகு ஒரு கடையில் அளந்தபோது 8ஆம் நம்பருக்கும் 9க்கும் ஒரே லாஃப்ட். தொடர் எண் இருக்கிறதா, கம்பனியில் சரிபார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தேயிலைத்தோட்ட_பேரன்:

நுவரெலியாவில் தாத்தா வேலை செய்த தோட்டத்துத் துரை விட்டுப்போன பிங் ஐ2 செட் எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்னும் துரு இல்லை. போட்டியில் பாவிக்கலாமா?

பை_சுமந்தவன்:

பொக்கிஷம். துரு இல்லாததற்குக் காரணம் அது ஸ்டெயின்லெஸ். கிளப் முகத்திலுள்ள பள்ளக்கோடுகளுக்கான விதி 2010இல் பெரிய போட்டிகளில் இறுக்கப்பட்டபோது, 1990 ஏப்ரலுக்கு முன் செய்த ஐ2க்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது; பிங் போட்ட வழக்கு 1990இல் அப்படித்தான் தீர்ந்தது. ஃபில் மிக்கெல்சன் அந்தப் பழைய ஐ2 லொப் வெட்ஜைப் பையில் போட்டுக்கொண்டு டோரி பைன்ஸ் போட்டிக்கு வந்தார். இன்னொரு ஆட்டக்காரர் அதை ஏமாற்று என்று சொல்லிப் பெரிய ரகளை. உங்கள் வார இறுதி ஆட்டத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிடியை மட்டும் மாற்றுங்கள், அந்தக் காலத்து ரப்பர் இப்போது கல்லாகியிருக்கும்.

கச்சான்_காற்று:

அதுதான் என் மூன்றாவது கேள்வியும். உப்புக்காற்றுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நிலாவெளி_அக்கா:

நான் கடலுக்கு மிக அருகில் இருப்பவள், என்னிடம் கேளுங்கள்.

காய்ச்சி அடித்த பிளேட் காபன் உருக்கு. மேலே குரோமியம் இருக்கும் வரைக்கும் சரி. கல்லில் பட்டு ஒரு இடத்தில் பூச்சு உடைந்தால் உள்ளே போகும் உப்பு அடுத்த மாரிக்குள் வேலையைக் காட்டிவிடும். உங்கள் சித்தப்பாவின் செட்டுக்கு நடந்தது அதுதான். பூச்சில்லாத வெட்ஜ்களைத் தொழில்முறை ஆட்கள் வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுகிறார்கள், வெயிலில் பளபளக்காது என்பதற்காக. அவர்களுக்கு வெட்ஜ் புதுசு புதுசாக வந்துகொண்டே இருக்கும். நாம் ஒன்றைப் பத்து வருடம் வைத்திருப்போம்.

விளையாடி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே பைக்குள். கார் டிக்கியில் ஈரப்பையோடு விட வேண்டாம். ஷாஃப்டின் உள்பக்கமும் துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. பிடியை மாற்றும்போது உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிடிக்கு, நூல் கலந்த கோர்ட் வகை நல்லது. கை வேர்த்தாலும் வழுக்காது. டைகரும் அதைத்தான் போடுகிறார். இந்த ஒன்றை அவரிடமிருந்து தாராளமாகக் கொப்பி அடிக்கலாம், விலையும் குறைவு.

பை_சுமந்தவன்:

அக்கா சொன்னதோடு தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் அடிக்கும்போது சீனக்குடாத் தரை காய்ந்து இறுகிவிடும். பவுன்ஸ் (அடிப்பாகத்தின் புடைப்பு) கூடிய அகன்ற வெட்ஜ் அந்தத் தரையில் துள்ளி, பந்தின் நடுவில் போய் மோதும். அந்த மாதங்களில் பவுன்ஸ் குறைந்தது வேண்டும். நவம்பரில் மழை தொடங்கித் தரை இளகியதும் அதே கிளப் மண்ணைத் தோண்டும், அப்போது பவுன்ஸ் கூடியது வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நீங்கள் கூடுதலாக விளையாடும் காலத்துக்கு வாங்குங்கள்.

தரையைப் பார்த்து அயனையே மாற்றிய ஆள் கொலின் மொரிகாவா. 2021இல் ஸ்கொட்டிஷ் ஓப்பனில் அந்தக் கடலோர லிங்ஸ் திடலின் புல்லிலிருந்து அவருடைய பிளேட் 7, 8, 9 நடுவில் படவில்லை. அடுத்த வாரம் தி ஓப்பனுக்கு அந்த மூன்றையும் எடுத்துவிட்டு, பின்பக்கம் லேசாகக் குடைந்த பி7எம்சியைப் போட்டார். உலகத்திலேயே அயன் அடியில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். மானம் பார்க்கவில்லை. வென்றார்.

பதினெட்டாம்_குழி:

சரி, மொரிகாவாவை வைத்து என்னை மடக்கிவிட்டீர்கள். ஆனால் அதற்குப் பிறகும் அவர் குட்டை அயன்களில் பிளேட் வைத்திருந்தார் என்பதையும் எழுதுங்கள். தம்பி 8, 9, வெட்ஜ் மூன்றையும் பிளேட்டாகவும் மீதியை கேவிட்டியாகவும் எடுக்கட்டும். இதைத்தான் டுவரில் பலர் செய்கிறார்கள்.

உவர்மலை_இஞ்சினியர்:

இதை நான் ஒப்புக்கொள்கிறேன், அபூர்வமாக. லாஃப்ட் இடைவெளி பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு. ஆனால் 17 ஹேன்டிகேப்புக்கு அது இரண்டாம் கட்டம். முதலில் லை.

நின்றுகொண்டு அடிக்கும்போது கிளப் தரையோடு சேரும் கோணம் அது. ஷெஃப்லர் ஆறடி மூன்று அங்குலம். அவருடைய அளவுக்கு வளைத்த கிளப் அவருக்குத் தைத்த சட்டை. தம்பியின் உயரம் என்ன? குட்டையானவர் கையில் செங்குத்தான கிளப் கிடைத்தால் குதிப்பக்கம் தரையில் பட்டு, வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். லாஃப்ட் கூடக் கூட அந்த விலகலும் கூடும். அடித்துச் செய்த காபன் உருக்கை இரண்டு பாகை சுலபமாக வளைக்கலாம். 17-4 வகை ஸ்டெயின்லெஸ் வார்ப்பு கடினம், வளைக்கப் போய் முறியவும் கூடும். அதனால்தான் பிங் முதலிலேயே பல கோணங்களில் விற்று, ஒரு நிறப்புள்ளி வைத்து அடையாளம் காட்டுகிறது. கறுப்புப் புள்ளி என்றால் சாதாரண அளவு.

சோதிக்கச் செலவே இல்லை. பந்தில் மார்க்கரால் ஒரு தடித்த கோடு போட்டு, கோடு செங்குத்தாகக் கிளப்பைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக நின்றால் லை சரி. சாய்ந்தால் சரியில்லை.

கச்சான்_காற்று:

நேற்றுப் பின்னேரம் செய்து பார்த்தேன். என் உயரம் ஐந்தடி ஐந்து. கோடு நன்றாகவே சாய்ந்து பதிகிறது. இத்தனை காலம் இடப்பக்கம் போனதற்குப் பாதிக் காரணம் சித்தப்பாவின் உயரம்.

பி7டிடபிள்யூ ஆசையை விடுகிறேன். மாமாவுக்கு அனுப்ப இந்தப் பட்டியல் சரியா: பாவித்த ஸ்டெயின்லெஸ் கேவிட்டி பேக், 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை. 4, 5க்குப் பதில் ஒரு ஹைபிரிட். 100 கிராமை ஒட்டிய இலேசான ஸ்டீல் ஷாஃப்ட். கோர்ட் பிடி. 50இலும் 56இலும் வெட்ஜ்.

ஸ்கார்பரோ_திருமலையான்:

நல்ல பட்டியல். இரண்டு அளவையும் சேர்த்து அனுப்புங்கள்: சப்பாத்தோடு நேராக நின்று, கை இரண்டையும் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அங்குலத்தில். மற்றது முழு உயரம். இந்த இரண்டும் இருந்தால் இங்கே எந்தக் கடையிலும் நிறப்புள்ளியைச் சொல்லிவிடுவார்கள். பிட்சிங் வெட்ஜின் லாஃப்டை வாங்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். 43, 44 என்றால் 50ஐ 49ஆக வளைத்துத் தரச் சொல்லலாம்.

மாமா விமானத்தில் கொண்டுவருவதென்றால் தலைகளுக்கு மேலே ஒரு பழைய துவாயைச் சுற்றி, கடினமான உறையில் போடட்டும். டிரைவர் கொண்டுவருகிறாரா?

கச்சான்_காற்று:

டிரைவர் கேட்கவில்லை அண்ணை. கேட்டால் மாமி வர விடமாட்டார்.

பதினெட்டாம்_குழி:

பிட்சிங் வெட்ஜ் ஒன்றையாவது பிளேட்டாக எடுங்கள் தம்பி. ஒன்றே ஒன்று.

நிலாவெளி_அக்கா:

விடுங்கள் அவரை. 😀 தம்பி, செட் வந்ததும் ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், காற்று இல்லாத நேரம் பார்த்து 7ஆம் நம்பரை அளப்போம்.